சப்ரோசா வழி வேண்டாம்

"என் கழுத்தைக் கட்டிக்கோ," என்றார் அதலீனோ. லவுரிந்தா கட்டிக்கொண்டாள். சக்கர நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கி வேனின் முன்னிருக்கையில் வைப்பதற்கு அவர் மூச்சைக்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இளவயதில் முதுகில் திராட்சைக் கூடையைச் சுமந்து மலைப்படிகளில் இறங்கியவர். கனம் என்றால் என்னவென்று அவருடைய தோளுக்குத் தெரியும். இது கனமே இல்லை.

ஆஸ்பத்திரிப் பெண் ஒரு தலையணையைக் கொண்டுவந்து லவுரிந்தாவின் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவே செருகினாள்.

"ஆம்புலன்ஸ்ல போயிருக்கலாமேம்மா. நிம்மதியாப் படுத்துக்கிட்டே போகலாம்."

"படுத்துக்கிட்டு, கூரையைப் பாத்துக்கிட்டு. அதுக்குத்தான் இனிமே நேரம் நிறையக் கெடக்கே," என்றாள் லவுரிந்தா.

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அந்தப் பெண் தலையணையை இன்னொரு முறை தட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் காலையில் அதலீனோவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசியிருந்தார். இங்கே செய்ய இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஒரு வாரம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். அதலீனோ தலையாட்டினார். இவள் என்றைக்கு எதைக் கேட்டிருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

வாசலைத் தாண்டி இடதுபக்கம் திருப்பப் போனபோது லவுரிந்தா அவருடைய கையைத் தட்டினாள். அவருக்கு வலது காது கேட்காது. சிறுவயதில் மலையை வெடிவைத்து உடைத்துத் தோட்டப்படி வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, அந்தக் காதைப் பறிகொடுத்தவர். வேனில் அவள் உட்காருவது எப்போதும் அந்தப் பக்கம்தான். அதனால் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் கையைத் தட்டுவாள், அவர் முகத்தைத் திருப்பிய பிறகு சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

"சப்ரோசா வழி வேண்டாம். ஆத்தோரமாப் போ."

"அது சுத்து. பூரா வளைவு. உனக்குக் குமட்டும்."

"எனக்கென்ன ரயிலா பிடிக்கணும்?"

அவர் வண்டியை ஓரங்கட்டி அவளைப் பார்த்தார். கட்டியிருந்த தலைத்துணிக்குக் கீழே முகம் ஒரு கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது. கண் மட்டும் பழைய கண்.

அதற்குள் போன் அடித்தது. மகள் கிரசா. அதலீனோ போனை இடது காதில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கெளம்பிட்டோம்."

"சப்ரோசா வந்தாச்சா?"

"ம்."

"கட்டிலை முன்ரூம்ல ஜன்னலோரமா இழுத்துப் போட்டுட்டேன். கோழிக் கஞ்சி கொதிக்குது. அம்மாவுக்கு வலி இருக்கான்னு கேளு."

"இல்லையாம்," என்று கேட்காமலே சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

"அவகிட்டப் பொய் சொன்னியா?"

"பொய் எங்க சொன்னேன்? ம்னு சொன்னேன்."

"உன்னோட 'ம்'மை வச்சுத்தான் நாப்பது வருசத்துக்கு மேல குடித்தனம் ஓடியிருக்கு," என்றாள் லவுரிந்தா. "எடு வண்டியை, மனுசா."

அவர் வண்டியை ஆற்றுப்பக்கம் திருப்பினார்.

மலைச்சரிவில் இறங்கி ரேக்வாவை நெருங்கும்போதே மணம் வந்துவிட்டது. பறிப்புக் காலம். ஒயின் ஆலைகள் எல்லாவற்றின் கதவுகளும் திறந்திருந்தன. மிதிபட்ட திராட்சையின் புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த மணம் ஊர்மேல் ஈரத்துணிபோலக் கிடந்தது. லவுரிந்தா கையைத் தட்டினாள்.

"கண்ணாடியை இறக்கிவிடு."

"காத்து ஒத்துக்காது."

"இனிமே எனக்கு எது ஒத்துக்கிட்டா என்ன?"

அவர் அவள்மேல் சாய்ந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். அவள் முகத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துக்கொண்டாள்.

பாலத்தைக் கடந்து தென்கரைச் சாலையில் ஏறினார்கள். இடதுபுறம் டோரு ஆறு பச்சையாக, அசையாமல் கிடந்தது. வலதுபுறம் மலை. தண்ணீர் விளிம்பிலிருந்து வானம் வரைக்கும் கல்சுவர் கட்டிய படிகள், படிக்குப் படி திராட்சை. சில கொடிகள் இப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தன. சுவர்களில் தோட்டங்களின் பெயர்கள் ஆள் உயர எழுத்தில் வெள்ளையடித்திருந்தன. எதிரே கூரையில்லாத கார்களில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய தலைத்துணிகள் பறந்தன. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் காரை நிறுத்திவிட்டு ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு டிராக்டர் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். அதன் தொட்டி நிறையத் திராட்சை. மேலே குளவிகள் ஒரு சின்ன மேகமாகக் கூடவே வந்தன. அதலீனோ முந்தவில்லை. பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, வண்டி குலுங்காமல் ஓட்டினார்.

தட்டு.

"எழவு வண்டி மாதிரி ஓட்டாத. நான் இன்னும் சாகல."

"குலுங்குனா வலிக்குமேன்னு பாத்தேன்."

"லாரி ஓட்டுற காலத்துல இந்தப் புத்தி எங்க போச்சு? உன் லாரியில ஏறிட்டு எறங்குனா எங்களுக்கு எலும்பு எண்ணிப் பாக்கணும்."

அப்போது அவர் கூட்டுறவு ஆலையின் லாரி ஓட்டினார். விடியலில் பறிப்புப் பெண்களைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போவார், திரும்பும்போது திராட்சை. லவுரிந்தா அந்தப் பெண்களில் ஒருத்தி. இப்போது ஒவ்வொரு தோட்டமாகக் கையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். இங்கேதான் கூடப் பறித்த துளசீனாவின் இடுப்பை மேஸ்திரி கிள்ள, அவள் கத்தரிக்கோலை அவன் கையில் இறக்கியது. இங்கே கூடைக்குள்ளிருந்து பாம்பு வந்தது. இந்தத் தோட்டத்தில் மத்தியானம் உப்புமீனும் உருளைக்கிழங்கும் தாராளமாகப் போடுவார்கள், அடுத்த தோட்டத்துக்காரன் கஞ்சன். அந்தக் கஞ்சனின் வீடு இப்போது ஓட்டலாகிவிட்டது. முற்றத்தில் வெள்ளைக் குடைகளுக்குக் கீழே ஆட்கள் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிக்காம என்ன மோந்து மோந்து பாக்குறாங்க?"

"அப்படித்தானாம் குடிக்கணும்."

"கெட்டுப் போச்சோன்னு சந்தேகம்போல," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்கும்வரை அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார். துணிக்குக் கீழே எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"வீட்டுக்கே போயிடலாமா?"

"வீட்டுக்குத்தானே போறோம்."

ஆலிவ் மரங்களைத் தாண்டி, ஒரு வாதுமைத் தோப்பைத் தாண்டி, ஆறு வளைந்து திரும்பும் இடம் வந்தது. அங்கே வலதுபுறம் மலைமேல் ஏறும் ஒரு மண்பாதை உண்டு. பாதை முனையில் இப்போது புதிதாக ஒரு மரப்பலகை, ஒயின் சுவைத்துப் பார்க்க வாருங்கள் என்று நாலைந்து மொழிகளில்.

அந்தப் பாதையில் அதலீனோ ஏறியதே கிடையாது. லாரி ஓட்டிய காலமெல்லாம் அந்தத் தோட்டத்தின் முறை வந்தால், வேறு டிரைவரோடு முறையை மாற்றிக்கொள்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

வெனான்சியோவின் தோட்டம் அது. லவுரிந்தா அவனுக்கென்று பேசி வைத்த பெண். கல்யாணத்துக்கு முன் அவனைப் பட்டாளத்தில் பிடித்துப் போட்டு, ஆப்பிரிக்காவுக்கு, கினியாச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். காட்டில் காணாமல் போய்விட்டான் என்று ஊருக்குச் செய்தி வந்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு லவுரிந்தாவின் அப்பா அதலீனோவுக்குக் கட்டிக்கொடுத்தார். காது செவிடு என்று பட்டாளம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய மாப்பிள்ளை. செவிட்டுக் காதுதான் இவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தது என்று கல்யாணத்தன்றே கேலி பேசினார்கள். பிறகு ஒருநாள், கிரசா லவுரிந்தாவின் வயிற்றில் இருக்கும்போது, வெனான்சியோ மலேரியாவோடு உயிருடன் வந்து ரயிலிலிருந்து இறங்கினான். ஒன்றும் நடக்கவில்லை. அவளை யார் கட்டிக்கொண்டது என்றுகூட அவன் விசாரிக்கவில்லையாம். யாரும் அழவில்லை, யாரும் சண்டை போடவில்லை. அவன் தன் ஞானத்தாயின் தோட்டத்தை எடுத்துக்கொண்டு மலைமேல் குடியேறினான், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். லவுரிந்தா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. திட்டக்கூட இல்லை, தவறிக்கூட இல்லை. அந்தச் சொல்லாமைதான் அதலீனோவை உள்ளே அரித்தது. இரவில் அவள் விழித்திருக்கும்போதெல்லாம், திருவிழாவில் பாட்டு ஒன்று கேட்டு அவள் சும்மா நிற்கும்போதெல்லாம், அவள் எங்கே இருக்கிறாள் என்று தனக்குத் தெரியும் என அவர் நினைத்துக்கொள்வார்.

கையில் தட்டினாள். அவர் சாலையையே பார்த்தார். மறுபடி தட்டினாள்.

"அந்தப் பலகைகிட்ட மேல திருப்பு."

அவர் திருப்பவில்லை. வண்டி மட்டும் தானாக மெதுவானது.

"கேக்காத மாதிரி இருக்காத. உன் செவிட்டுக் காது எனக்குத் தெரியாதா? தனக்கு வேண்டாததுக்குத்தான் அது செவிடு."

"அது வெனான்சியோ வீடு," என்றார். கல்யாணமான இத்தனை காலத்தில் அந்தப் பெயர் அவர்களுக்கு நடுவே வந்தது அதுதான் முதல்முறை.

"யார் வீடுன்னு தெரியாமயா கேக்குறேன்?"

கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதலீனோ கியரை மாற்றினார். அது கரகரவென்று கத்தியது. மண்பாதையில் ஏறும்போது, ஆஸ்பத்திரிக் குளியலறையில் அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையோரம் கொஞ்சம் முடி விட்டுப்போயிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தடவிப் பார்த்துக்கொண்டார்.

மேலே சமதரையில் வெள்ளையடித்த வீடு, ஜன்னல்களைச் சுற்றி நீலப் பட்டை. இரண்டு ஆரஞ்சு மரம். கொடிப்பந்தலுக்குக் கீழே ஒரு நீள மேசை, விருந்தாளிகளுக்காகக் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள். கொட்டகைக்குள்ளிருந்து ஆட்கள் கல்தொட்டியில் திராட்சை மிதிக்கும் சத்தமும் சிரிப்பும் வந்தன. நாய் ஒன்று குரைத்துவிட்டு, தன் கடமை முடிந்தது என்று படுத்துக்கொண்டது.

கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டிருந்த ஒரு பெரிய வயிற்றுக்காரர் கொட்டகையிலிருந்து வந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் ஊதா. வேனைப் பார்த்ததும் முதலில் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார், பிறகு பிரெஞ்சில் ஒன்று.

"நாங்க இந்தப் பக்கத்து ஆளுகதான். சொவேரா ஊரு," என்றார் அதலீனோ.

"அடடா!" வெனான்சியோ அதலீனோ பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "கூட்டுறவு லாரி ஓட்டுனவர்தானே? எல்லா டிரைவரும் எங்க வீட்டு ஒயினைக் குடிச்சிருக்காங்க. உங்க லாரி மட்டும் இந்த மேடு ஏறுனதே இல்லியே."

"வாய்க்கல."

"இன்னிக்குப் பாத்து வந்தீங்க, தொட்டி நெறைய ஆளு. சுவைக்கிறதெல்லாம் நாளைக்குத்தான்." பிறகு அவருடைய பார்வை மறுபக்க இருக்கைக்குப் போனது. தலைத்துணி, போர்வை, போர்வைமேல் கிடந்த கைகள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டம்மாவா? உடம்புக்கு முடியலையா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வர்றோம்."

"அடப் பாவமே. கடவுள் பாத்துக்குவார்மா," என்று லவுரிந்தாவைப் பார்த்துச் சொன்னார். வழிப்போக்கரிடம் சொல்கிற மாதிரி.

அதலீனோவுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நொடியை நினைத்து அவர் எத்தனை இரவு புரண்டு படுத்திருக்கிறார்! அந்த நொடி வந்திருக்கிறது, இந்த ஆளுக்கு அவளைத் தெரியவில்லை. இதற்கு அந்த ஆள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இவனுக்காகவா? பார்டா, நல்லாப் பார், யாருன்னு பார் என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"உங்களுக்கு…" என்று ஆரம்பித்தார்.

அவருடைய கையில் தட்டு விழுந்தது. தட்டிய விரல்கள் எடுபடாமல் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தன. அவர் நிறுத்திக்கொண்டார்.

லவுரிந்தா வெனான்சியோவைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு, படி, புகைக்கூண்டு, கொடியில் காயும் துணி, ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல்.

"அம்மாவுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்றார் வெனான்சியோ.

அதலீனோ அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு குலை திராட்சை," என்று அவள் மெல்லச் சொன்னாள். அதை அதலீனோதான் உரக்கச் சொன்னார்.

"நாத்தாலியா! நல்ல குலையா ஒண்ணு கொண்டா!"

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு மாவுக் கையோடு ஒரு அம்மாள் வந்தாள். குலையைக் கழுவித் தட்டில் வைத்திருந்தாள். அவள் சுற்றிக்கொண்டு போய் லவுரிந்தா பக்கத்துக் கதவைத் திறந்தாள். தட்டை மடியில் வைத்தாள். சரிந்திருந்த போர்வையை முழங்காலைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். "மலைக்காத்து ஈரம். மூடிக்கோங்க," என்றாள்.

லவுரிந்தா ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக் கடித்தாள். தோலை உள்ளங்கையில் துப்பினாள்.

"இனிப்பு இன்னும் ஏறல," என்றாள். இந்தமுறை குரல் கொஞ்சம் தெளிவாக வந்தது. "அவசரப்பட்டுப் பறிச்சிட்டீங்க."

வெனான்சியோ சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. திறந்த வாய் அப்படியே இருந்தது.

"போலாம், மனுசா," என்றாள் லவுரிந்தா.

நாத்தாலியா தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதலீனோ வண்டியைத் திருப்பினார். மண்பாதையில் இறங்கத் தொடங்கியதும் பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வெனான்சியோ பாதையில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நடந்தார். பிறகு அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, கல்லும் முள்ளும் பார்க்காமல் ஓடி வந்தார். கையை உயர்த்தி ஏதோ கூப்பிட்டார். இறக்கத்தில் எஞ்சின் இரைந்தது. அதலீனோவின் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் பாதிச் செவிடர்கள் வாயைப் படிப்பார்கள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அவர் தினமும் தன் வாயால் சொல்கிறவர்.

அவருடைய கால் தானாக பிரேக்கின்மேல் போனது.

தட்டு. திரும்பினார்.

"வளைவுல நிறுத்தாத," என்றாள் லவுரிந்தா, முன்னால் பார்த்தபடி. "பின்னாடி டிராக்டர் வரும்."

பின்னால் எந்த டிராக்டரும் இல்லை. அவர் காலை எடுத்துக்கொண்டார். வளைவு திரும்பியது. கண்ணாடியில் கொடிகள் மட்டும் தெரிந்தன.

தார்ச்சாலைக்கு வந்தார்கள். ஆறு கூடவே வந்தது. பின்யாவுக்குப் போகும் இரும்புப் பாலத்தை இடப்பக்கம் விட்டுவிட்டு, சொவேராவுக்கு ஏறும் மலைச்சாலையைப் பிடித்தார்கள். மத்தியான வெயில் சிலேட்டுப் பாறைமேல் பளபளத்தது. பறிக்கும் பெண்களின் தொப்பிகள் கொடிகளுக்கு மேலே வரிசையாக நகர்ந்தன.

தட்டு.

"அந்தச் சமையக்கட்டைப் பாத்தியா? வடக்கப் பாத்த சன்னல். குளிர்காலம் பூரா வெளக்கைப் போட்டுத்தான் சமைக்கணும்."

"நான் கவனிக்கல."

"நம்ம வீட்ல காலை வெயில் அடுப்பு மேலயே விழும்," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெறகு மூட்டுறப்போ முதுகுல சுடும். அது எனக்குப் பிடிக்கும்."

"ம்," என்றார்.

அவள் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டாள்.

அவர் ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவன் உன்னை மறந்துவிட்டான், நான் ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று காட்டிக்கொண்டு இருந்துவிடலாம். இந்த ஒரு வாரம் முழுக்க, அல்லது அதற்கும் குறைவான அந்த நாட்கள் முழுக்க, அவள் தனக்கு மட்டுமே என்று இருக்கும். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. ஆனால் அவள் எதற்காக இந்த மலைச் சுற்றெல்லாம் சுற்றி வந்தாள்? ஒன்றையும் கேட்காதவள் ஒன்றைக் கேட்டாள். அதில் பாதியைத் தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதா?

"லவுரிந்தா," என்றார் சாலையைப் பார்த்துக்கொண்டே. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவனுக்கு உன்னை அடையாளம் தெரிஞ்சிருச்சு. முதல்ல தெரியல. அப்புறம் தெரிஞ்சிருச்சு. பின்னாடி ஓடி வந்தான். செருப்புகூட இல்லாம. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் பாத்தேன். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல."

சொல்லி முடித்ததும் இத்தனை வருஷம் நெஞ்சின்மேல் இருந்த எதுவோ இறங்கினாற்போல இருந்தது. கையில் தட்டு விழும் என்று காத்திருந்தார். எதிரே ஒரு லாரி இரைந்துகொண்டு போனது. "வேணும்னா திருப்புறேன்," என்றார். "சொல்லு, இப்பவே திருப்புறேன்."

தட்டு விழவில்லை.

அவர் முகத்தைத் திருப்பினார். அவளுடைய கண்கள் பாதி திறந்திருந்தன, மலைப்பக்கம் பார்த்தபடி. ஒரு கை போர்வையிலிருந்து நழுவி, அவருடைய இருக்கைக்கும் அவளுடைய இருக்கைக்கும் நடுவில் கிடந்தது.

அந்த இடத்தில் நிறுத்த வழியில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, மேலே ஏறினார்.

கார்களை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் அகலமான வளைவு ஒன்று வந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அவளுடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். கன்னத்தில் புறங்கையை வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு முறை. பிறகு கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. அவள் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்தபோது, ஒரு இளம் ஜோடி எதிரே வந்து நின்றது. வெளியூர். பையன் சிரித்துக்கொண்டே போனை நீட்டி, தங்களையும் கீழே தெரிந்த ஆற்றையும் காட்டினான். அதலீனோவின் கை அதை வாங்கிக்கொண்டது. பெண் பையனுடைய தோளில் சாய்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் டோரு ஒரு பெரிய வளையமாகத் திரும்பியது, படிப்படியாக மலைகள், வெயில். அவர் அமுக்க வேண்டிய இடத்தை அந்தப் பெண்ணே காட்டிக்கொடுத்தாள். அமுக்கினார். "நன்றி, நன்றி," என்று தட்டுத்தடுமாறிய போர்த்துகீசியத்தில் சொன்னார்கள். போகும்போது அந்தப் பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்து லவுரிந்தாவுக்கும் கையசைத்தாள்.

அவர்களுடைய கார் போனபிறகு அதலீனோ அவளுடைய கதவருகே நின்றார். சாலைப் புழுதி அவள்மேல் படுகிறதே, கண்ணாடியை ஏற்றலாம் என்று கையை வைத்தார். ஏற்றுவதற்குக் கண்ணாடியே கண்ணில் படவில்லை. அது அடிவரைக்கும் இறங்கியிருந்தது. ரேக்வாவில் அவர்தான் இறக்கிவிட்டார். அங்கிருந்து வழிநெடுக, மலைமேல், அந்தப் பாதையில் இறங்கும்போது, எல்லாம் அது திறந்தேதான் இருந்தது. அவளுடைய காதுகளில் ஒருநாளும் குறை இருந்ததில்லை.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றில் ஒரு படகு போயிற்று. பிறகு குனிந்து அவளுடைய கண்களை மூடினார். போர்வையை, நாத்தாலியா செருகியிருந்த மாதிரியே, முழங்காலைச் சுற்றிச் சரிசெய்தார். கண்ணாடியை ஏற்றவில்லை.

சொவேராவில் அவர்களுடைய தெரு குறுகலானது. வேன் ஒன்று நின்றால் வேறெதுவும் போக முடியாது. கிரசா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். "ஏன்பா இவ்வளவு நேரம்? சப்ரோசா வந்தாச்சுன்னு சொன்னே, நான்…" அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபக்கம் ஓடினாள்.

அதன்பிறகு பெண்கள் வந்துவிட்டார்கள். யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள். நாலு பேராக லவுரிந்தாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். ஒருத்தி சாவுமணி அடிக்கச் சொல்லித் தேவாலயத்துக்கு ஆள் அனுப்பினாள். ஒருத்தி அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கினாள். அதலீனோ தெருவிலேயே நின்றார். உள்ளே வா என்று யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேன்," என்றார்.

அப்போதுதான் தனக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நிற்பதைப் பார்த்தார். கீழ்த்தெரு செலெஸ்தினோ. தொட்டி வழிய வழியத் திராட்சை. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் கையைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறான் என்று தெரியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை.

அதலீனோ அவனிடம் போனார்.

"பழம் வெயில்ல நிக்குதேப்பா."

"இருக்கட்டும் மாமா. நீங்க உள்ள போங்க."

"நிக்கக் கூடாது. கொதிச்சுப் புளிச்சிரும்."

அவர் வேனில் ஏறினார். பக்கத்து இருக்கையில் தலையணை அழுந்திய இடம் இன்னும் அப்படியே இருந்தது. வண்டியைக் கிளப்பி, தேவாலயத்தின் முன்னால் தெரு அகலமாகும் இடம்வரை கொண்டுபோய், சுவரை ஒட்டி நிறுத்தினார். டிராக்டர் அவரைத் தாண்டி மெதுவாக, ஆலைப்பக்கம் திரும்பியது. அது நின்ற இடத்திலிருந்து தெருமுனைவரை, தொட்டியின் இடுக்கிலிருந்து ஒழுகிய சாறு கற்களின்மேல் ஒரு கருத்த கோடாகக் கிடந்தது. மணி அடிக்கத் தொடங்கியது. குளவிகள் ஒவ்வொன்றாக வந்து அந்த ஈரத்தில் உட்கார்ந்தன.